கண்ணுக்குத் தெரியாத பெயர்ப்பலகை

எங்கள் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குத் தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம். செயலாளர் மதிவாணன் போன வாரம் சங்கம் நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கே வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"கஸ்தூரி, நீங்கதான் எழுதணும். மையம் தொடங்குனதுலேருந்து தலைமைத் தாதியா இருக்கீங்க. தமிழும் நல்லா எழுதுவீங்க. ரெண்டு பக்கம் போதும்லா."

"நடந்தத எழுதட்டுமா?"

"நடந்ததுல நல்லத எழுதுங்க," என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

சரி, எழுதுகிறேன்.

தலைவர் பிறந்தது மலேசியாவில் எங்கள் குளுவாங் ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில். அப்பா மருந்து அடித்தவர், அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கியவர். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாவது வகுப்போடு, படிப்பு நின்றது. பட்டணத்துக்கு வந்து காப்புறுதி முகவரானார். வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலைந்து வீடு வாங்கினார், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தார். இதோடு நின்றிருந்தால் நானும் மனதார இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் காப்புறுதி விற்கும்போது காரின் கதவில் தன் முகத்தையும் பெயரையும் பெரிதாக ஒட்டிக்கொண்டு சுற்றினார் பாருங்கள், அங்கே பிடித்தது வியாதி. அதற்கு எங்கள் மையத்தில் மருந்து கிடையாது.

நம் ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால் அதன் மேல் உபயம் என்று பெயர் எழுதிக்கொள்வது வழக்கம். எழுத்து நிறைந்து வெளிச்சம் குறைந்துபோகும், இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தலைவர் இதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார். கோயில் மண்டபத்துக்கு மின்விசிறிகள் கொடுத்தார். ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயர். விசிறி சுற்றினால் பெயர் தெரியவில்லை என்று திருவிழா அன்றைக்கு அதை நிறுத்தி வைக்கச் சொன்னார். ஜனங்கள் வியர்த்துக் கொட்டக் கொட்ட அவர் பெயரைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு. எங்கள் மையத்துக் குப்பைத்தொட்டியிலும் அவர் பெயர் உண்டு. அது ஒன்றுதான் பொருத்தமான இடம் என்று எனக்குத் தோன்றும்.

பெயர் மட்டும் போதவில்லை, அடைமொழியும் வேண்டியிருந்தது. 'சேவைச் சுடர்' என்று ஒரு பட்டம் வந்தது. கொடுத்த மன்றத்துக்கு அவரே ஆலோசகர். 'அறச்செம்மல்' பட்டம் கொடுத்த பேரவைக்கு அவர் மைத்துனர் பொருளாளர். மேடையில் அறிவிப்பாளர் இவரை அழைத்து முடிப்பதற்குள் மாலை வாடிவிடும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் மையத்தைத் தொடங்கியது அவர்தான். வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை கேட்டார். சிலர் கதவைச் சாத்தியபோதும் முகம் சுளிக்கவில்லை. அந்த நாட்களில் அவரிடம் எனக்கு மரியாதை இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போய்விட்டது.

இனி கிருஷ்ணம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைவரின் வாழ்க்கைக் குறிப்பில் இந்த அம்மாவுக்கு என்ன வேலை என்று மதிவாணன் கேட்பார். வேலை இருக்கிறது. இந்தக் கதையே அந்த அம்மாவுக்குக் கிடைக்காமல் போன ஒரு இடத்தைப் பற்றியதுதான்.

கிருஷ்ணம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை செய்து அங்கேயே தங்கியிருக்கிறார், விடுமுறைக்குத்தான் வருவார். எங்கள் மையத்தில் எல்லா இயந்திரத்துக்கும் ஆள் இருந்ததால் இந்த அம்மா வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள பத்து பகாட் என்ற ஊருக்கு பஸ்ஸில் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புவார். டயாலிசிஸ் முடிந்த உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிழிந்து போட்ட துணி போலக் கிடக்கும். அந்த உடம்போடு பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். எங்கள் மையமோ அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

வழியில் எங்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

"எடம் வந்துச்சா தாயி?"

"இன்னும் இல்லம்மா. வந்தா ஒங்களுக்குத்தான் மொதல்ல."

நான் வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை. காத்திருப்பவர்களில் முதல் ஆள் அவர்தான்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து ஓர் அறக்கட்டளை எங்களைத் தேடி வந்தது. அவர்கள் சார்பில் பேசியவர் ஃபரீஹா என்ற பெண், நம் தமிழ் முஸ்லிம் குடும்பம், தாத்தா காலத்தில் இங்கே மூவார் ஊரில் கடை வைத்திருந்தவர்கள். இரண்டு புதிய இயந்திரங்கள் தருகிறோம் என்றார். என் வாயெல்லாம் பல். இரண்டு இயந்திரம் என்றால் காத்திருக்கும் எல்லோருக்குமே இடம் கிடைத்துவிடும்.

"மிசின்ல எங்க பேரு போட வேணாம் அக்கா. ஒரு எடத்துலயும் வேணாம். எங்க பழக்கம் அது," என்றார் ஃபரீஹா.

தலைவருக்கு இது புரியவே இல்லை. "பேரு வேணாமாமே! அப்புறம் எதுக்குக் குடுக்குறாங்க?" என்று என்னிடம் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவர்கள் கேட்டது இரண்டே விஷயம். இயந்திரங்கள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற அறிக்கையை எங்கள் இணையத்தளத்தில் வைக்க வேண்டும், அவர்கள் கணினி வாராவாரம் தானாகவே வந்து எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, நோயாளிகள் விவரம் இருக்கிற தளம் என்பதால் பாதுகாப்பில் ஒரு சின்னக் குறையைச் சரிசெய்ய வேண்டும்.

தளத்தைப் பார்த்துக்கொள்வது வசந்தன். தலைவரின் தங்கை மகன். ஸ்கூடாயில் கணினி படித்துவிட்டு அங்கேயே ஒரு கம்பெனி வைத்திருக்கிறான். கம்பெனியில் இருப்பது அவன் ஒருவன்தான். முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் 'சரிங்க மாமா' இருக்கும். அவன் என் அறையில் வைத்துத்தான் தலைவருக்கு அந்தக் குறையை விளக்கினான்.

"ஒண்ணும் பெருசா இல்ல மாமா. யாராச்சும் நம்ம பக்கத்தத் தொறந்தா, பக்கம் போறதுக்கு முன்னாடி நம்ம சர்வர் தன்னப் பத்தி ஒரு வரி அனுப்பும். நான் இன்ன சாஃப்ட்வேர், இன்ன வெர்ஷன்னு. திருடங்கிட்ட நம்ம வீட்டுப் பூட்டு என்ன பிராண்டுன்னு சொல்ற மாதிரி. அத மறைக்கச் சொல்றாங்க."

"மறைச்சிட்டு?"

"சும்மா விட்டுறலாம். இல்லன்னா அந்த எடத்துல வேற எதாச்சும் போடலாம். என்ன வேணும்னாலும் போடலாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் விழுங்கியிருக்கலாம்.

"என்ன வேணும்னாலுமா?" தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அத யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க மாமா. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கிறது."

"ஆனா போகும்?"

"போகும். ஒவ்வொரு தடவையும் போகும். ஒரு படம் தொறந்தாகூட அதுக்கு முன்னாடி போகும்."

"ஒலகம் பூராவும்?"

"ஒலகம் பூராவும் மாமா."

அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. தீபாவளிக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளை முகம். மனிதர் கண்ணில் படாத இடம் என்று தெரிந்த பிறகும் ஒருவருக்குத் தன் பெயரை எழுத ஆசை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலத்துக்குள் எங்கள் சர்வர் 'சேவைச் சுடர், அறச்செம்மல்' என்று தொடங்கும் ஒரு வரியை ஆங்கில எழுத்தில் உலகம் முழுக்க அனுப்ப ஆரம்பித்துவிட்டது. சர்வரின் பெயரைக் கேட்டால் அது தலைவர் பெயரைச் சொல்லும். குறை தீர்ந்துவிட்டது என்று அறக்கட்டளையும் ஒப்புக்கொண்டது. அதுவரை ஒரு கோமாளித்தனம், அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் இல்லை.

சும்மா இருந்தாரா? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வசந்தனை விட்டு அந்த வரியைச் சுவரில் பெரிதாகக் காட்டச் சொன்னார். கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் துணைத் தலைவர் எழுந்தார்.

"தலைவர் பேரு மட்டும் போறது மொறையா? சங்கம்னா எல்லாருந்தானே?"

அவ்வளவுதான். அந்த வரியில் துணைத் தலைவர் ஏறினார், மதிவாணன் ஏறினார், பொருளாளர் ஏறினார். மகளிர் பிரிவுத் தலைவி அங்கம்மா தன் பெயரோடு 'அன்னாரின் நினைவாக' என்று காலஞ்சென்ற தகப்பனாரையும் ஏற்றினார். அதைப் பார்த்து எல்லோருக்கும் செத்துப்போன அப்பா அம்மா ஞாபகம் வந்துவிட்டது. கிளைத் தலைவர்கள், ஆலோசகர்கள், ஆலோசகர்களின் பட்டங்கள். யார் பெயர் முன்னால், யார் பின்னால் என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை. எவர் கண்ணிலும் படாத வரியில் முன்னென்ன, பின்னென்ன? நான் கேட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வசந்தன் சொல்லச் சொல்லச் சேர்த்துக்கொண்டே போனான். அவனைத் திட்டினால் மட்டும் என்ன, "ஓகேலா அக்கா, பக்கம் நல்லாத்தான் தொறக்குது," என்பான்.

பக்கம் நன்றாகத்தான் திறந்தது. என் கைப்பேசியிலும் திறந்தது, தலைவர் கைப்பேசியிலும் திறந்தது. அறக்கட்டளையின் கணினிக்கு மட்டும் திறக்கவில்லை. ஃபரீஹா என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, ஒங்க அறிக்கை எங்களுக்கு வரவே இல்ல. ஒங்க தலைவருக்கு மெயில் மேல மெயில் போட்டோம். வெப்சைட் நல்லா வேலை செய்யுது, உங்க பக்கம்தான் கோளாறுன்னு பதில் போடுறாரு. ஒங்க சர்வர் அனுப்புற மொதல் வரி ரொம்ப நீளம் அக்கா. எங்க கம்ப்யூட்டர் வாசல்ல ஒரு அளவு வச்சிருக்கோம், அதுக்கு மேல போனா உள்ள விடாது. பாதுகாப்புக்காக வச்சது, எங்களால மாத்த முடியாது."

"என்ன செய்யணும்?"

"அந்த வரிய வெட்டுனா போதும். ஆனா வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை வந்தாகணும். இல்லன்னா மிசினு அடுத்த மையத்துக்குப் போயிடும். ஏற்கெனவே ஒரு தடவ தள்ளி வாங்கிக் குடுத்தேன்."

உடனே வசந்தனைக் கூப்பிட்டேன். "ஒரு நிமிச வேலைதானேடா? வெட்டிடு."

"வெட்டிடலாம் அக்கா. ஆனா மாமா தெனமும் செக் பண்றாரு. அந்த வரியப் பாக்குறதுக்குன்னே கைப்பேசில ஒரு ஆப் போட்டுக் குடுத்திருக்கேன். அவர் சொல்லாம நான் தொட முடியாது."

இந்த உலகத்தில் அந்த வரியைப் பார்க்கும் ஒரே மனிதர் தலைவர்தான். அதைப் பார்ப்பதற்கென்று தனியாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம். நானே போய் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு இயந்திரம், வெள்ளிக்கிழமை கெடு, கிருஷ்ணம்மா பத்து பகாட்டுக்கு பஸ்ஸில் போவது எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள். பெயர்களை வெட்டத்தான் வேண்டும் என்று எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். யாருடைய பெயரை என்பதில்தான் மாட்டிக்கொண்டது.

"எங்கப்பா பேர எடுத்தா நான் மகளிர் பிரிவையே கலைச்சிடுவேன்," என்றார் அங்கம்மா.

"செத்தவங்க பேர எடுக்குறது பாவம். உயிரோட இருக்குற ஆலோசகருங்கள எடுக்கலாம்," என்றார் மதிவாணன். அவர் ஆலோசகர் இல்லை.

"ஆலோசகர எடுத்தா நாளைக்கு நன்கொடை யாரு குடுப்பா?" என்றார் பொருளாளர்.

நான் தலைவரைப் பார்த்தேன். "தலைவரே, எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒங்க பேரையும் சேத்து. மிசினு வந்ததும் மறுபடி எதையாச்சும் போட்டுக்கலாம்."

அவர் கையை உயர்த்தினார். "கஸ்தூரி, யோசிச்சுப் பேசணும். என் பேரு மொதல்ல இருக்கு. மொதல்ல இருக்குறது எப்படி வழியும்? பின்னால சேந்ததுதான் வழியுது. நான் தொடங்கும்போது எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"அலமாக்! ஐயய்யோ, அப்ப நாங்கதான் வழியுறோமா?" என்று துணைத் தலைவர் மேசையைத் தட்டினார்.

"நாளன்னிக்கு வெள்ளிக்கிழம தலைவரே. அந்த அம்மா பஸ் ஸ்டேண்டுல நிக்குது."

"உணர்ச்சிவசப்படாத கஸ்தூரி. இது கௌரவப் பிரச்சினை."

கடைசியில் என்ன முடிவு எடுத்தார்கள் தெரியுமா? எந்தெந்தப் பெயரைக் குறைக்கலாம் என்று ஆராய ஒரு துணைக்குழு. ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். துணைக்குழுவுக்குத் தலைவர், தலைவர்தான். பிறகு மீ கோரெங் என்று வறுத்த நூடுல்ஸ் வந்தது, சாப்பிட்டார்கள். நான் ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் முழுக்க வசந்தனைக் கெஞ்சினேன், திட்டினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் கைப்பேசியை அணைத்துவிட்டான். சர்வர் மட்டும் ஓயவில்லை. யார் கேட்டாலும் செயற்குழுவையும் செத்துப்போன அப்பன் ஆத்தாளையும் ஒப்பித்துக்கொண்டே இருந்தது.

இயந்திரங்கள் மூவாரில் ஒரு மையத்துக்குப் போயின. ஃபரீஹா அழாத குறையாகச் சொன்னார். அந்த மையத்தின் தளம் பார்க்க மகா சாதாரணம். அவர்கள் சர்வர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதாம், கேட்டதை மட்டும் கொடுக்குமாம்.

அடுத்த முறையும் கிருஷ்ணம்மா வாசலில் நின்று கேட்டார்.

"எடம் வந்துச்சா தாயி? ரெண்டு மிசினு வருதுன்னு சொன்னியே?"

"வரலம்மா. வேற ஊருக்குப் போயிருச்சு."

"பரவால்ல. அங்க உள்ளவங்களுக்கும் வேணுமில்ல," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் என்னைக் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அதிக நாள் ஆகவில்லை. பத்து பகாட்டிலிருந்து திரும்பி குளுவாங்கில் இறங்கிய இடத்திலேயே ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்தார். விழுந்தது இடது கை மேல். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்த கை அது. அந்தக் கையால் தண்ணீர் வாளிகூடத் தூக்க மாட்டார், அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். எலும்பு முறிந்து, இணைப்பும் அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் நடக்கிறது. வலது கையில் மறுபடி இணைத்துப் பார்க்க வேண்டும், அது நிற்குமா என்று டாக்டருக்கே சந்தேகம்.

தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சும்மா வருவாரா? படம் எடுக்க ஆள், பழக்கூடை, கூடையில் அட்டை, அட்டையில் சேவைச் சுடர், அறச்செம்மல். கிருஷ்ணம்மாவின் கட்டுப் போட்ட கை மேல் தன் கையை வைத்துக்கொண்டு படம் எடுத்தார். வலியில் அந்த அம்மா முகம் கோணியது. அது படத்தில் நன்றாக வரவில்லை என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். நான் நடுவில் போய் நின்று, "போதும், வெளிய போங்க," என்றேன். என் ஆயுசில் அவரிடம் குரலை உயர்த்தியது அன்றுதான்.

அவர்கள் போனதும் கிருஷ்ணம்மா என்னை அருகே அழைத்தார்.

"தாயி, இப்ப வந்துட்டுப் போனாரே, அவரு யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் விசிறியில், தண்ணீர்த் தொட்டியில், எங்கள் மைய வாசலில் எல்லாம் எழுதி வைத்த மனிதரை இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதெல்லாம் வெறும் கறுப்புக் கோடு. உலகம் பூராவும் அனுப்பிய பெயர் கூப்பிடு தூரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

"யாரோ ஒருத்தரும்மா," என்றேன்.

மதிவாணன் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். பிறப்பு, தொழில், சேவை எல்லாம் சொல்லிவிட்டேன். தலைவரின் பெயரை மட்டும் ஓர் இடத்திலும் எழுதவில்லை. கிருஷ்ணம்மாவுக்குச் சொன்ன பதிலையே மலருக்கும் சொல்கிறேன். பெயர் வேண்டுமென்றால் அவர்களே சேர்த்துக்கொள்ளட்டும். எந்த இடத்தில், எத்தனை பட்டத்தோடு என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போடட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்ட கிருஷ்ணம்மாவுக்கு நாளைக்கு டயாலிசிஸ் நாள். கழுத்தில் குழாயோடு பஸ் ஏறுவார், போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்.